மீட்டெடுப்பு: ஆற்றுக்கு ஏற்ற சொல்

ஆறுகள், ஈரநிலங்கள் பற்றிய செய்திகளில் 'ரெஸ்டோரேஷன்' என்ற சொல் வந்துவிட்டால் தமிழில் ஆளுக்கொரு சொல் எழுதுகிறோம். சீரமைப்பு, மறுசீரமைப்பு, புனரமைப்பு, சில வேளை வெறும் தூர்வாரல். எந்தச் சொல்லை எழுதினால் என்ன என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. திட்டத்தின் பெயர் 'சீரமைப்பு' என்றால் கரைக்கு சிமென்ட் பூசுவதும் அதற்குள் அடங்கிவிடும். 'மீட்டெடுப்பு' என்று எழுதினால், எது பறிபோனது என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனின் 'ரெஸ்டாரரே'. பழுதுபார்த்தல், திரும்பக் கட்டுதல், புதுப்பித்தல் என்பன அதன் பொருள். இழந்த தெம்பைத் திரும்பத் தரும் சாறு என்ற வழியில் 'ரெஸ்டாரண்ட்'டும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். கட்டடத்துக்கும் ஓவியத்துக்கும் வழங்கிய சொல் ஆற்றுக்கு வந்தபோது, கட்டுமான வாடையும் கூடவே வந்தது. நம் 'புனரமைப்பு', 'சீரமைப்பு' இரண்டிலும் உள்ள 'அமைப்பு' அந்த வாடையைத் தமிழிலும் கொண்டுவந்துவிடுகிறது.

தமிழில் 'மீள்' என்பது தன்வினை. போனது தானே திரும்புவது. அதன் பிறவினை 'மீட்டல்'. போனதை நாம் திரும்பக் கொண்டுவருவது. உருள்வதும் உருட்டுவதும் போன்ற உறவு இது. அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்று இன்றும் சொல்கிறோம். புது நகை செய்து போட்டுக்கொண்டால் அது மீட்பு ஆகாது. இன்னும் பின்னோக்கிப் போனால், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதற்கென்றே கரந்தை என்று ஒரு திணை வகுத்தார்கள். 'தொறு மீட்டுப் பட்டான்' என்று நடுகற்கள் சொல்கின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. பறிபோனது, உரியது, திரும்ப வரவேண்டியது என்ற மூன்று எண்ணங்களும் இந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன.

சொல்லைச் செயலில் வைத்துப் பார்க்க அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஓடும் கிஸ்ஸிம்மி ஆறு நல்ல இடம். 1947 வெள்ளத்துக்குப் பிறகு, 166 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடிய அந்த ஆற்றை 1962க்கும் 1971க்கும் இடையில் 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். வெள்ளம் அடங்கியது. ஆனால் ஆற்றின் இருபுறமும் பரந்திருந்த வெள்ளச் சமவெளி வறண்டது. குளிர்காலத்தில் வரும் நீர்ப்பறவைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வராமல் போயின. 1992இல் மீட்டெடுப்புக்கு அனுமதி கிடைத்தது. 1999இல் கால்வாயைத் தூர்க்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் ஆறு என்றாலே தூர்வாரல்தான் நினைவுக்கு வரும். அங்கே தூர்ப்பதே மீட்பாக இருந்தது. முன்பு வெட்டிக் குவித்த மண்ணையே திரும்பக் கொட்டி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கால்வாயை மூடினார்கள். பழைய வளைவுகளில் ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு நீர் மறுபடி ஓடியது. பணி 2021இல் முடிந்தது.

மண் கொட்டியது மனிதர்கள். மணல்திட்டுகளைச் சேர்த்தது நீரோட்டம். சமவெளி நனைந்ததும் ஈரநிலச் செடிகள் முளைத்தன, கொக்குகளும் வாத்துகளும் திரும்பின. முதல் பகுதி மீட்டல், பின்பகுதி மீள்தல். சீர்கெட்ட, சிதைந்த அல்லது அழிந்த சூழலமைப்பு மீள்வதற்குத் துணைசெய்வதே இந்தப் பணி என்று 'சொசைட்டி ஃபார் எக்கலாஜிகல் ரெஸ்டோரேஷன்' அமைப்பு வரையறுத்ததும் இதைத்தான். அவர்கள் ஒரு சொற்றொடரால் விளக்கியதைத் தமிழ் இலக்கணம் ஒரே வேரின் இரண்டு வினைகளில் வைத்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

திட்டமிடுவோருக்கும் இந்தப் பிரிவு உதவும். எவ்வளவு மண் அகற்றினோம், எத்தனை மதகு கட்டினோம் என்பது மீட்டெடுப்பின் கணக்கு. நீரில் உயிர்வளி கூடியதா, மீன் இனங்கள் திரும்பினவா என்பது மீட்சியின் கணக்கு. இரண்டாவதை எழுத, வேலை தொடங்கும் முன்பே நீரையும் உயிர்களையும் அளந்து வைத்திருக்க வேண்டும். கிஸ்ஸிம்மியில் அளந்து வைத்திருந்தார்கள். அங்கும் வெள்ளக்காப்புக்காகக் கால்வாயின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எனவே அது ஆற்றின் ஒரு பகுதியை மீட்ட திட்டம்.

மற்ற சொற்களைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மதகு, கலங்கல், கரை ஆகியவற்றைச் செப்பனிடும் வேலைக்குச் சீரமைப்பு என்பதே பொருத்தம். 'மீட்பு' என்று மட்டும் எழுதினால், வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காக்கும் மீட்புப் பணியோடு குழம்பும். 'ஆற்று மீட்பு' என்பதை ஆற்றிலிருந்து யாரையோ மீட்டதாகவும் படிக்கலாம். ஆகவே திட்டத்துக்கு ஆற்று மீட்டெடுப்பு, ஈரநில மீட்டெடுப்பு. அதன் பயனாக நிகழ்வதற்கு மீட்சி.