செம்பெருமீன்களை எண்ணும் முன் இடத்தைப் பாருங்கள்

ஒரு கேலக்ஸியின் தொலைவு செய்திகளில் ஒற்றை எண்ணாக வந்துவிடுகிறது. கேலக்ஸியின் எந்தப் பகுதி விண்மீன்களைக் கொண்டு அது கணக்கிடப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. தொலைவு அளப்பதையே அன்றாடப் பணியாகக் கொண்ட நான், முதலில் கேட்பது அதைத்தான்.

சூரியனை ஒத்த நிறையுள்ள விண்மீன் முதுமையில் செம்பெருமீனாகப் பருத்துப் பொலிவு கூடிக்கொண்டே போகும்போது, அதன் மையத்தில் ஹீலியம் சேர்கிறது. அந்த மையம் சூரிய நிறையில் ஏறத்தாழ 0.48 பங்கை எட்டி, வெப்பம் 10 கோடி கெல்வினைத் தொட்டதும் ஹீலியம் பற்றிக்கொள்ள, விண்மீன் சுருங்கி மங்குகிறது. பிறப்பு நிறை சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் பற்றும் நேரத்தில் மையத்தின் நிறை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எட்டும் உச்சப் பொலிவும் அப்படியே. அண்மை அகச்சிவப்பில் அதன் தனிப் பொலிவெண் (எல்லா விண்மீன்களையும் ஒரே தொலைவில் வைத்துப் பார்த்தால் தெரியும் பொலிவின் அளவு; எண் குறையக் குறையப் பொலிவு அதிகம்) சுமார் −4. படத்தில் அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை இதனோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடும்.

படத்திலுள்ள விண்மீன்களைப் பொலிவு வரிசையில் மேலிருந்து எண்ணி வந்தால், பொலிவுக் கட்டத்துக்கு இரண்டு, மூன்று என்று சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் சட்டென முப்பது, நாற்பதாகும். அந்த விளிம்புதான் உச்சி. அதை 0.1 பொலிவெண் தவறாகக் குறித்தால் தொலைவில் 5 விழுக்காடு பிசகும்.

ஆய்வு மாணவப் பருவத்தில் நான் கேலக்ஸியின் தட்டையான வட்டுப் பகுதியில் எண்ணினேன். விண்மீன்கள் அங்கேதான் ஏராளம். ஆனால் உச்சியைவிடப் பிரகாசமான, வயது குறைந்த வேறு வகைச் செந்நிற விண்மீன்களும் அங்கு உண்டு. நெருக்கத்தில் இரண்டு விண்மீன்கள் ஒட்டி ஒன்றாகவும் தெரியும். இவை விளிம்பை மேலே தள்ளியதால் கேலக்ஸி உண்மையைவிட அருகில் இருப்பதாக விடை வந்தது. தூசியோ எதிர்த்திசையில் இழுக்கும். பழைய விண்மீன்கள் மட்டும் ஐதாகப் பரவிய, வட்டைச் சூழ்ந்த புற ஒளிவட்டத்தில் எண்ணிக்கை குறைவு, விளிம்பு தெளிவு. அங்கு எண்ணாத அளவீட்டை நான் எளிதில் ஏற்பதில்லை.

படத்தின் ஆழமும் போதாமல் போகலாம். என்.ஜி.சி. 1052-டி.எஃப்.2 என்ற மங்கலான கேலக்ஸியில் கரும்பொருள் (ஒளி விடாமல், ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் பொருள்) அறவே இல்லை என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. அது சுமார் 4.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் உள்ளது என்று 2019-இல் மற்றொரு குழு வாதிட்டது; அவ்வளவு அருகில் என்றால் விண்மீன்களின் மொத்த நிறை குறைந்து, மீதியை ஈடுகட்டக் கரும்பொருள் தேவைப்படும். ஹபிள் தொலைநோக்கி பூமியை வலம்வரும் 40 சுற்றுகளில் எடுத்த ஆழமான படங்களில் உச்சி ஐயமின்றித் தெரிந்ததும், 2021-இல் வெளிவந்த தொலைவு சுமார் 7.2 கோடி ஒளியாண்டு.