ஆற்றங்கரை வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கும் முன்

முட்டுக்காடு, பழவேற்காடு, கொசஸ்தலை ஆற்றோரம் என்று சென்னையைச் சுற்றித் தண்ணீர்க் கரையில் வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓர் எண்ணம் உண்டு: சும்மா பூட்டிக் கிடக்கும் அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் என்ன? தாராளமாக விடலாம். ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் இதற்கென்றே ‘இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் / ஹோம்ஸ்டே’ திட்டத்தை நடத்துகிறது. விண்ணப்பித்தால் வீட்டை வந்து பார்த்து, கோல்டு அல்லது சில்வர் என்று தரம் கொடுப்பார்கள்.

ஓர் அறை முதல் ஆறு அறை வரை விடலாம்; மொத்தம் 12 படுக்கைக்கு மேல் கூடாது. பலரும் இடறுவது இதில் இல்லை. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான். அண்ணா நகரில் இருந்துகொண்டு, வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து வைக்கும் வார இறுதி காட்டேஜ் இந்தத் திட்டத்துக்குள் வராது. அது வேறு தொழில், அதற்கான அனுமதிகளும் வேறு.

சரி, குடியிருக்கிறீர்கள். அப்புறம் நிலம். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். பட்டா, சிட்டாவோடு புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து, உங்கள் எல்லை எங்கே முடிகிறது, ஆற்றுப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். கரையை ஒட்டிப் போட்ட குடிலும் படித்துறையும் புறம்போக்கில் இருந்தால், வீட்டு வரி கட்டிய ரசீது காப்பாற்றாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றோர ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடல் ஏற்றவற்றம் எட்டும் இடமென்றால், கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் சேர்ந்துகொள்ளும். முட்டுக்காடு உப்பங்கழியும் எண்ணூர்ப் பக்கமும் அப்படிப்பட்டவை. கரையிலிருந்து எவ்வளவு தூரம் கட்டுப்பாடு என்பதில் இந்த விதியின் 2011 அறிவிக்கை 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இரண்டில் குறைந்தது என்றது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. உங்கள் சர்வே எண்ணுக்கு எது பொருந்தும் என்பதை ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். புரோக்கர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். 2019 அறிவிக்கையில் ஒரு சலுகை இருக்கிறது: கிராமப்புறக் கடலோரப் பகுதியில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்த அனுமதிக்கலாம். பின்னால் புதிதாக நாலு காட்டேஜ் எழுப்ப அது உதவாது.

வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆண்டு மொத்த வரவு (செலவைக் கழிக்காமல்) 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புக்கிங் தளம் வழியாக வரும் விருந்தினருக்கு மட்டும், பதிவில்லாத உங்களுக்குப் பதிலாக அந்தத் தளமே ஜிஎஸ்டி கட்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சமைத்துப் போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வேண்டும்.

வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும். ஒரே இரவு தங்கினாலும், தெரிந்தவரின் நண்பராக இருந்தாலும் இது பொருந்தும்.