பம்பர் பெயின்ட் உரிந்தால் பெயின்டைத் திட்டாதீர்கள்

போன மாசியில் வள்ளியூரிலிருந்து ஓர் அண்ணாச்சி காரோடு என் பட்டறைக்கு வந்தார். மாடு குறுக்கே வந்ததில் உடைந்த முன்பம்பரை வெல்டு வைத்து ஒட்டி, வீட்டிலேயே ஸ்பிரே கேனில் பெயின்ட் அடித்திருக்கிறார். தள்ளி நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் வாட்டர் வாஷிலேயே வாழைமட்டையில் நார் கிழிப்பதுபோல நீள நீளமாக உரிந்துவிட்டது. "மட்டமான பெயின்டைக் குடுத்துட்டான், பாத்தியளா?" என்றார். உரிந்த தோலைத் திருப்பிக் காட்டினேன். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. பெயின்ட் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை.

பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பல கார்களில் பிபி, இபிடிஎம் என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பாலிபுரோப்பிலீனோடு ரப்பர் கலந்தது என்று அர்த்தம். கூடவே டி20 என்றிருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க். முகப்பவுடரில் வருகிற அதே டால்க்தான். இந்தப் பிளாஸ்டிக்கில் எதுவும் லேசில் ஒட்டாது.

வேலையின் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். பாலிஷும் டயர் பளபளப்புக்கு அடிக்கிற சிலிக்கானும் மேலே இருக்கும்போதே உப்புத்தாளைப் போட்டால், அந்தப் பிசுக்கைக் கீறலுக்குள் நாமே திணிக்கிறோம். சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, டீகிரீஸர் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காயுமுன் வேறு சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். பழைய பெயின்ட் இருக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; தாமரை இலையில் உருள்வதுபோல முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் போகவில்லை. பெட்ரோலில் துடைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அது தீக்கு அழைப்பு.

வெல்டு வைத்த இடத்துக்குச் சாதாரண பட்டி வேண்டாம். பம்பர் வளையும், பட்டி வளையாது. கோடைக் குளத்து வண்டல் மாதிரி வெடித்துவிடும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கிற பட்டியைக் கேட்டு வாங்குங்கள். பட்டி காய்ந்ததும் உப்புத்தாளில் முதலில் 180 நம்பர், அப்புறம் 320, கடைசியில் 400. வேகமாகத் தேய்த்தால் பிளாஸ்டிக் சூடாகி முடி முடியாக எழும். கையை மெதுவாக ஓட்டுங்கள். பிளாஸ்டிக் வெளியே தெரிகிற இடமெல்லாம் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிசாக ஒரு கோட் அடித்து, கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடுத்த பிரைமரை ஏற்றிவிட வேண்டும். அண்ணாச்சி விட்டது இந்த ஒரு கோட்டைத்தான்.

நம் ஊருக்குப் பெயின்ட் அடிக்க நல்ல நேரம் காலை எட்டிலிருந்து பத்து. சித்திரை வெயிலில் பெயின்ட் பம்பரில் விழும் முன்பே காற்றில் காய்ந்து மணல் மாதிரி ஒட்டும். ஆனி ஆடியில் காற்று புழுதியை அள்ளிப் போடும். ஐப்பசி ஈரத்தில் பளபளப்பு மங்கும். மெட்டாலிக் கலர் என்றால் பம்பரைத் தரையில் படுக்கப் போடாமல் காரில் நிற்கிற வாக்கிலேயே நிறுத்தி அடியுங்கள். இல்லாவிட்டால் ஃபெண்டர் ஒரு நிறமாகவும் பம்பர் வேறு நிறமாகவும் தெரியும்.

கலருக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டுக்கு வருகிறேன். ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியரை வீட்டில் திறக்காதீர்கள். அடியில் பட்டனை அழுத்திக் கலக்குகிற கேனும் அதே சரக்குதான். அதிலிருக்கிற ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைப் பிடித்தால் ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி போதும். மணத்தை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மூக்கில் கட்டுகிற துண்டோ கொரோனா காலத்து மாஸ்க்கோ இதற்குக் காணாது; வெளியிலிருந்து நல்ல காற்று குழாய் வழியாக வருகிற முகமூடி வேண்டும். என்னோடு தொழில் கற்றவர் ஒருவர் துண்டை நம்பியே அடித்துக்கொண்டிருந்தார். இன்று தின்னர் மூடியைத் திறக்கிற இடத்தில்கூட அவரால் நிற்க முடியாது, டீக்கடை வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பம்பரைத் திரும்ப எடுத்துப்போனார். பத்து நாள் கழித்து மகனைப் பின்னால் உட்காரவைத்து பைக்கில் கொண்டுவந்தார். கழுவி, தேய்த்து, பிரைமர் வரை அவரே முடித்திருந்தார். விரலால் தடவிப் பார்த்தேன்; வெல்டு வைத்த இடம் கைக்குத் தட்டவில்லை. கலரும் கிளியரும் மட்டும் நான் அடித்துக் கொடுத்தேன்.

"ஒரு மாசத்துக்கு பிரஷர் வாஷ் விடாதிய" என்று சொல்லி அனுப்பினேன்.