பெரிய மோட்டார், மூக்கில் களிமண்

டெக்சாஸில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு எஸ்டெஸ் நிறுவனத்தின் பிக் பெர்த்தா என்கிற மாடல் ராக்கெட் கிட் வாங்கிக் கொடுத்தாராம். நாலு தடவை சி6 மோட்டாரில் பறக்கவிட்டார்கள், ஐந்தாவது தடவை மகள் "இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டுவிட்டாள். டி12 மோட்டார் போடலாமா, உள்ளே இருக்கிற குழாயை மட்டும் மாற்றினால் போதுமா என்பது அவருடைய கேள்வி.

போடலாம். குழாயை மட்டும் மாற்றினால் போதாது. நான் ஒருமுறை அப்படித்தான் மாற்றிவிட்டு, நேராகப் பிடித்து அனுப்பும் ஏவுகம்பியை விட்டுக் கிளம்பிய ராக்கெட் தென்னை மர உயரம்கூடப் போகாமல் காற்றில் குட்டிக்கரணம் அடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தப்பு முழுக்க என்னுடையது.

முதலில் மோட்டார் பெயரைப் பிரித்துவிடுவோம். சி6-5 என்று எழுதியிருந்தால், எழுத்து மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவதைச் சொல்கிறது. எழுத்துக்கு எழுத்து உச்சவரம்பு இரட்டிப்பாகும், சி என்றால் 10 நியூட்டன்-வினாடி வரை, டி என்றால் 20 வரை. அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கோட்டுக்குப் பிறகு வருவது தாமதம்: மருந்து எரிந்து முடிந்தபின் அத்தனை வினாடி புகைந்துகொண்டே மிதந்து போகும், அப்புறம் உள்ளே ஒரு சின்ன வெடி பாராசூட்டை முன்பக்கமாகத் தள்ளும். மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த நம்முடைய பழைய கருமருந்துதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாரை மாற்றுவது வேறு, மோட்டாருக்குள் கைவைப்பது வேறு. இரண்டாவதை யாரும் செய்யக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கு உருவானதே அதைத் தடுக்கத்தான். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பையன்கள் இரும்புக் குழாயில் கண்டதையும் அடைத்துக் கொளுத்திக் கைவிரலை இழந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் காகிதத்திலும் பால்சா மரத்திலும் ஒரு ராக்கெட் செய்து, அதற்கு மாற்றிப் போடக்கூடிய தயார் மோட்டாரும் செய்து வைத்திருந்தார். ராக்கெட் பொறியாளர் ஜி. ஹாரி ஸ்டைன் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார், வெர்ன் எஸ்டெஸ் மோட்டார் செய்ய ஒரு இயந்திரத்தையே கட்டினார். ஆபத்தான வேலை தொழிற்சாலைக்குப் போனது, பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோலும் பசையும் மிஞ்சின.

சரி, தச்சு வேலை. சி6 மோட்டாரின் விட்டம் 18 மில்லிமீட்டர், டி12 மோட்டாருக்கு 24. நீளம் இரண்டுக்கும் 70 மில்லிமீட்டர்தான். பிக் பெர்த்தாவின் உடல்குழாய் கிட்டத்தட்ட 42 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் உள்ளே இடம் தாராளம். 24 மில்லிமீட்டர் மோட்டார் குழாய் ஒன்று, அதை உடல்குழாயின் நடுவில் பிடித்துவைக்க இரண்டு அட்டை வளையம், மோட்டார் முன்னால் நழுவாமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பு வளையம், பின்னால் விழாமல் இருக்க ஒரு உலோகக் கொக்கி. மரப்பசையால் ஒட்டி ஒரு ராத்திரி காயவிட வேண்டும். கொக்கியை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள்: பிடிப்பு இல்லையென்றால் அந்தச் சின்ன வெடி பாராசூட்டைத் தள்ளாமல் மோட்டாரையே பின்னால் துப்பிவிடும், ராக்கெட் வெறுங்கையோடு கீழே வரும்.

இனிமேல் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பறக்கிற ராக்கெட் ஆடினால் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் ஆடும். சாய்ந்தால் காற்று பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளல் எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளியில் விழுவதாகக் கணக்கு, அது அழுத்த மையம். அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால் காற்றே வாலைப் பிடித்து நேராக்கிவிடும், முன்னால் இருந்தால் மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும். தீபாவளி ராக்கெட்டின் குச்சி இதற்குத்தான். நீளமாகவும் லேசாகவும் இருப்பதால் எடையைக் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து, காற்று பிடிக்கிற இடத்தை நிறையப் பின்னுக்கு இழுக்கிறது. குச்சி ஒடிந்த ராக்கெட் யார் வீட்டுக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

டி12 போட்டதும் என்ன ஆகிறது? சி6 மோட்டார் சுமார் 24 கிராம், டி12 சுமார் 43. மோட்டாரைப் பிடிக்கும் புதுக் குழாய், வளையம், கொக்கி எல்லாம் சேர்ந்து 5 கிராம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் வாலில் 24 கிராம் புதிதாக ஏறுகிறது. மோட்டார் இல்லாத ராக்கெட் 70 கிராம், அது மூக்கு நுனியிலிருந்து 34 செ.மீ. தள்ளி சமன்படுகிறது, மோட்டாரின் நடு 57 செ.மீ.யில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம் (உங்களுடையதை நீங்கள் அளந்துகொள்ளுங்கள், பெயின்ட் அடித்த கைக்கு ஏற்ப மாறும்). சி6 போட்டால் ஈர்ப்பு மையம் 39.9 செ.மீ.யில் விழும். டி12 போட்டால் 43.4. மூன்றரை செ.மீ. பின்னால் போய்விட்டது. இரண்டு மையங்களுக்கும் நடுவே குறைந்தது ஒரு குழாய் விட்டம் இடைவெளி வேண்டும் என்பது இந்தத் துறையின் விதி. இந்த ராக்கெட்டுக்கு அது 4.2 செ.மீ. அதில் பெரும்பகுதிக்குச் சமமான தூரத்தை மோட்டார் தின்றுவிட்டது.

இதற்குப் பரிகாரம், பள்ளிக்கூடத்துத் திருப்புத்திறன், அதாவது எடையைத் தூரத்தால் பெருக்குவது. பழைய சமநிலைப் புள்ளியிலிருந்து வால் எடை 17 செ.மீ. தூரத்தில், மூக்கு 35 செ.மீ. தூரத்தில். தூரம் இரட்டிப்பு என்பதால் எடை பாதி போதும்: மூக்குக்குள் 12 கிராம் களிமண். "டி மோட்டார் போட்டால் ஒரு அவுன்ஸ் வைத்துவிடு" என்று சில பழைய கைகள் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் பதில் வராது. ராக்கெட் விடுகிறவர்களிடமும் மூடநம்பிக்கை உண்டு, எலுமிச்சம்பழம்தான் இல்லை. ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம், தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதிகமாக வைத்தால் ராக்கெட் காற்றாடி சேவல் மாதிரி காற்று வருகிற திசைக்கே மூக்கைத் திருப்பி, உயரம் போகாமல் பக்கத்து வயலுக்குப் போகும்.

ஆனால் அழுத்த மையம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? முன்பெல்லாம் ராக்கெட்டின் நிழலுருவை அட்டையில் வெட்டி அளவுகோல் விளிம்பில் நிறுத்திப் பார்ப்பார்கள். அட்டை சமன்படும் இடம்தான் அழுத்த மையம் என்பார்கள். அது ராக்கெட் முழுசாகக் குறுக்காகப் பறந்தால் சரி. நிஜத்தில் பெரும்பாலான நேரம் ராக்கெட் ரெண்டு மூணு டிகிரிதான் சாய்கிறது, அப்போது கணக்கே வேறு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுத் தாள் வழியில் தொங்குகிறது, ராக்கெட் அதைக் குத்திக்கொண்டு போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுழைய நுழையத் தாளில் ஓட்டை பெரிதாகும், குழாய் வந்ததும் அதே அளவில் நின்றுவிடும். இப்போது ராக்கெட் லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்க முடியாது, ராக்கெட் உள்ளே போகப் போகத் தாளில் பக்கவாட்டில் நகரும். நகர்கிற ஓட்டை சுற்றியிருக்கும் காற்றையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும், ஓட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு காற்று. மூக்கு நுழையும்போது ஓட்டை வளர்கிறது, தள்ளப்படும் காற்று கூடுகிறது, அதன் உந்தம் கூடுகிறது, எனவே விசை உண்டு. குழாய் போகும்போது? அதே அளவு ஓட்டை, அதே வேகம், உந்தத்தில் மாற்றமே இல்லை. மாற்றம் இல்லையென்றால் விசை இல்லை!

அரை மீட்டர் நீளக் குழாய், ராக்கெட்டிலேயே பெரிய உறுப்பு, காற்றின் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. மூக்கும் வாலில் இருக்கும் துடுப்புகளும்தான் கணக்கில் வருகின்றன. இன்னொன்றும் உண்டு: மூக்கு கூம்பாக இருந்தாலும் வளைந்து வழுவழுப்பாக இருந்தாலும் சூத்திரத்தில் விசைக்காக வரும் எண் ஒன்றேதான், 2. வடிவம் மாறினால் விசை விழுகிற இடம் கொஞ்சம் நகரும், அவ்வளவே. முதன்முதலில் இதைப் படித்தபோது நான் நம்பவில்லை, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

இந்தக் கணிதம் ராக்கெட்டுக்காகப் பிறந்ததல்ல. காற்றியக்க அறிஞர் மேக்ஸ் மங்க் 1924இல் ஆகாயக் கப்பல்களுக்காக எழுதியது. நாசாவின் கோடார்ட் மையத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் பாரோமேன் அதை எடுத்து, துடுப்புகளையும் சேர்த்து, பள்ளி மாணவன் பேனாவும் தாளும் வைத்துப் போடக்கூடிய சூத்திரங்களாக்கி 1966இல் மாடல் ராக்கெட்காரர்களின் கூட்டத்தில் கொடுத்தார். 2009இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சாம்போ நிஸ்கானென் தன் முதுகலை ஆய்வுக்காக ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளை எழுதினார், இன்று உலகம் முழுக்கப் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகாயக் கப்பல் வழக்கொழிந்துவிட்டது, அதற்குச் செலவிட்ட ஆராய்ச்சிப் பணம் டெக்சாஸில் ஒரு சிறுமியின் ராக்கெட்டை நேராக நிறுத்துகிறது. "இதனால் என்ன பயன்" என்று ஆராய்ச்சி மானியத்தில் கைவைக்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் தகராறு, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அப்படியானால் அந்த ஒரு விட்டம் இடைவெளி எதற்கு, அரை விட்டம் போதாதா? ஏவுகம்பியை விடும்போது ராக்கெட்டின் வேகம் நொடிக்கு 13 மீட்டர், பக்கக்காற்று 5 மீட்டர் என்றால் ராக்கெட்டுக்குக் காற்று 21 டிகிரி சாய்வில் வருவதாகத்தான் தெரியும். அவ்வளவு சாய்வில் குழாயும் காற்றைப் பிடிக்கத் தொடங்கிவிடும், அழுத்த மையம் முன்னால் ஊர்ந்து வரும். மருந்தும் இன்னும் அதிகம் எரியவில்லை, வால் முழு எடையில் இருக்கிறது. ஆக எல்லா ஆபத்தும் முதல் அரை வினாடியில். மேலே போகப் போக மருந்து தீர்ந்து ஈர்ப்பு மையம் தானாக முன்னால் வரும். என்னுடைய குட்டிக்கரணம் அந்த அரை வினாடியில் நடந்ததுதான்.

வாசகருக்கு மிச்சம் சில வரிகள். டி12 மோட்டார் 3, 5, 7 வினாடித் தாமதங்களில் கிடைக்கும். ஓப்பன்ராக்கெட்டில் உங்கள் எடையைப் போட்டு, உச்சியை எட்டும் நேரத்துக்கு நெருங்கியதை எடுங்கள். சீக்கிரம் திறந்தால் பாராசூட் நூல் உடல்குழாயைக் கிழித்துவிடும், தாமதித்தால் தரையை நோக்கி விழும்போது திறக்கும். மைதானமும் பெரிதாக வேண்டும்: அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் விதிப்படி மைதானத்தின் சிறிய பக்கம் சி மோட்டாருக்குக் குறைந்தது 400 அடி, டிக்கு 500 அடி. களிமண்ணை மூக்கின் நுனிவரை அழுத்தி, மேலே கொஞ்சம் எப்பாக்சி விடுங்கள், இல்லையென்றால் பாராசூட் தெறிக்கும்போது களிமண்ணும் தெறிக்கும்.

கடைசியாக ஒரு சோதனை, மகளுக்குப் பிடிக்கும். ஈர்ப்பு மையத்தில் இரண்டு மூன்று மீட்டர் நூலைக் கட்டி டேப் ஒட்டி, திறந்த வெளியில் தலைக்கு மேலே சுழற்றச் சொல்லுங்கள். மூக்கு முன்னால் போனால் ஏவலாம். கட்டும்போது பாராசூட் மடித்து உள்ளே இருக்கட்டும், மோட்டாரும் உள்ளே இருக்கட்டும், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் மட்டும் உங்கள் சட்டைப்பையில்.