மூக்குக்கும் காதுக்கும் நடுவே 12 சென்டிமீட்டர்

கொடைக்கானல் தூண் பாறையைப் பின்னால் வைத்து அண்ணன் மகள் ஒன்பது செல்ஃபி எடுத்தாள். ஒன்பதையும் அழித்தாள். "சித்தப்பா, என் மூக்கு நெசமாவே இவ்ளோ பெருசா?" என்று கேட்டபோது குரல் கம்மியிருந்தது. அவளுக்குப் பிடித்த நடிகையின் படத்தைப் போனில் காட்டினாள். அதில் மூக்கு, தாடை, காது எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தன.

உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். எதிரே ஏறத்தாழ 400 அடி உயர்ந்து நிற்கும் பாறைகள் அந்தக் கைக்குள் மறைந்துவிட்டன. கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், எல்லோரும் அறிந்ததுதான். ஒரே முகத்துக்குள்ளும் அது நடக்கிறது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

மூக்கு நுனியிலிருந்து போன் 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காது அதற்கும் சுமார் 12 செ.மீ. பின்னால், அதாவது 42 செ.மீ. தூரத்தில். 42ஐ 30ஆல் வகுத்தால் 1.4. காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெருத்துப் பதிவாகும். போனை 150 செ.மீ. தள்ளி வைத்தால் காது 162இல் இருக்கும்; வித்தியாசம் 8 சதவீதம்தான். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 5 அடியில் எடுத்த படத்தைவிட 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியைக் காட்டி மூக்கை அறுவை செய்து சிறிதாக்கச் சொல்லி வந்தவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கே தொடங்கியது. எனக்கு மனதைப் பிசைவது இந்த இடம்.

பழி பெரும்பாலும் லென்ஸ் மேல் விழுகிறது. அகலக் கோண லென்ஸால் அவ்வளவு கிட்டத்திலும் முழு முகம் அடங்குகிறது. மூக்கைப் பெருக்குவது தூரம். சினிமா நட்சத்திரங்களைப் படமெடுப்பவர்கள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, நீள லென்ஸ் போட்டு எடுக்கிறார்கள். வெளிச்சமும் ஒப்பனையும் அதற்கு மேல். அந்த முகத்தோடு, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் எடுத்த தன் முகத்தை ஒரு பெண்பிள்ளை தினமும் ஒப்பிடுகிறாள்.

கண்ணாடிக்கும் இதில் பங்கு உண்டு. 1977இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஒருவரின் நேர்ப் படத்தையும் இடவலம் மாற்றிய படத்தையும் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாற்றியதை விரும்பினார்கள், தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகியது அதுதான். அவர்களுடைய நெருங்கியவர்களுக்கோ நேர்ப் படமே பிடித்தது. பழகியது பிடித்துப்போகும் இந்த இயல்பை உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968லேயே சோதனைகளில் காட்டியிருந்தார். செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடி முகம். பல போன்களில் சேமிக்கும்போது அது திரும்பிவிடும். 'இது நான் இல்லையே' என்ற உறுத்தல் அப்படித்தான் வருகிறது.

போனை வாங்கிக்கொண்டு ஐந்தடி பின்னால் போனேன். இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தேன். அதற்குள் மேகம் ஏறிப் பாறையை மூடிவிட்டது, பின்னால் ஒரே வெள்ளை. அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஜிமிக்கி இதுலதான் முழுசாத் தெரியுது சித்தப்பா."