கரண்ட் போன இரவில் சிபேப் மெஷின்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சில இடங்களில் வாரக்கணக்கில். மெழுகுவர்த்தியும் விசிறியும் வைத்து ஒப்பேற்றிவிடலாம், சரி. முகத்தில் மாஸ்க் மாட்டினால்தான் ஒழுங்காகத் தூங்க முடியும் என்கிற ஸ்லீப் அப்னியா ஆள் என்ன செய்வார்?

ஸ்லீப் அப்னியா இருந்தால் தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்ளும். இடைவிடாமல் காற்றை ஊதி அதைத் திறந்தே வைத்திருப்பதுதான் சிபேப் மெஷினின் வேலை. சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981-ல் வெளியிட்ட வைத்தியம் இது. அழுத்தம் ஒன்றும் பிரமாதமில்லை. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிக் குமிழி வரவழைத்துப் பாருங்கள், பலருக்கு அவ்வளவுதான் வைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்றைத் தள்ள, கணக்குப்படி ஒரு வாட் கூட வேண்டாம். மோட்டாரில் வீணாவது, உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் சேர்ந்து 10 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

அப்புறம் ஏன் சில மெஷின்களின் அடாப்டரில் 90 வாட் என்று போட்டிருக்கிறது? எல்லாம் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்காகத்தான். மூக்கு காய்ந்துபோகாமல் இருக்க ஹியூமிடிஃபையர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குகிறது, ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். ராத்திரியில் 300 மில்லி தீர்ந்தால் 7.2 லட்சம் ஜூல், அதாவது 200 வாட்-ஹவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). எட்டு மணி நேரம் காற்று ஊத ஆவதோ 80தான். சூடாகும் ட்யூப் வேறு இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு.

ஆகவே கரண்ட் போனால் முதல் வேலை ஹியூமிடிஃபையரையும் ட்யூப் சூட்டையும் அணைப்பது. மூக்கு காயுமே என்றால், ஏசியும் ஓடாத புழுக்கத்தில் நம் ஊர்க் காற்றிலேயே வேண்டிய ஈரம் இருக்கிறது.

இனி வீட்டு இன்வெர்ட்டர். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியில், இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். லெட்-ஆசிட் என்பதால் பாதியோடு நிறுத்துவது நல்லது, ஆக 900. ஒரு இரவுக்கு 80 என்றால் 11 இரவு தாங்க வேண்டுமே? தாங்காது. 12 வோல்ட்டை 230 ஆக்குவதற்கே இன்வெர்ட்டர் 15, 20 வாட் சும்மா தின்னும், மெஷின் எடுப்பதைவிட அதிகம். போதாததற்கு நாம் பகலிலும் அதை அணைக்க மாட்டோம். அந்த 230-ஐ அடாப்டர் மறுபடியும் 12-க்கோ 24-க்கோ இறக்குகிறது, இந்தச் சுற்று எதற்கு? மெஷினுக்கென்றே விற்கும் டிசி வயரை வாங்கி நேராகப் பேட்டரியில் மாட்டலாம். 24 வோல்ட் மெஷின் என்றால் அந்த வயரிலேயே வோல்ட் ஏற்றும் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பயணத்துக்குப் பவர் பேங்க் வாங்குகிறவர்கள் ஏமாறுவது 20,000 எம்ஏஎச் என்ற எண்ணில். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு, பெருக்கினால் 74 வாட்-ஹவர்தான், விடிவதற்குள் கை விரிக்கும். விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை கேள்வியில்லாமல் கைப்பையில் எடுத்துப் போகலாம், 160 வரை விமான நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் ஊருக்குக் கிளம்புமுன் ஒரு ராத்திரி வீட்டிலேயே சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் தூங்கிப் பாருங்கள்.