விளக்கெண்ணெய் கக்கும் இசைத்தட்டு

காட்பாடியில் நண்பர் ஒருவர் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே ஏழு கறுப்புத் தட்டுகள். உறைகளில் மங்கிய மையில் ‘ரேடியோ கச்சேரி’ என்று மட்டும் எழுதியிருந்தது. தாத்தா ரேடியோ பைத்தியமாம். தட்டில் பதியும் கருவியே வைத்திருந்தாராம். “என்ன விலைக்குப் போகும்?” என்றார் நண்பர். விலை இருக்கட்டும், முதலில் கிராமபோனில் வைத்துவிடாதீர்கள் என்றேன்.

கடையில் விற்ற 78 சுற்றுத் தட்டு அரக்கும் கல்மாவும் கலந்து அச்சில் அழுத்தியது. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வரும். வீட்டில் பதிந்தது வேறு ஜாதி. பெரும்பாலும் அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு; போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காததால் கண்ணாடியிலும் செய்தார்கள். ரேடியோவில் வரும் ஒலிக்கேற்ப வெட்டுமுள் அதிர்ந்து, பூச்சில் பள்ளம் கீறிக்கொண்டே போகும். சீவல் நூல்நூலாக வரும். தீப்பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

நடுத்துளையின் ஓரத்தைப் பாருங்கள். உலோகம் மின்னினால், பக்கத்தில் இன்னொரு சிறு துளையும் இருந்தால், அநேகமாக வீட்டுப் பதிவுதான். கிராமபோனின் தலைப்பகுதி 100 கிராமுக்கு மேல் அழுத்தும். அந்த இரும்பு முள் மெத்தென்ற இந்தப் பூச்சை உழுதுவிடும். சில கிராமே அழுத்தும் நவீன முள்தான் இதற்குச் சரி.

பூச்சு விறைக்காமலிருக்க அதில் சேர்த்தது வேறொன்றுமில்லை, நம்ம ஊர் விளக்கெண்ணெய்! காலம் போகப்போக எண்ணெய் சிதைந்து, கொழுப்பு அமிலங்கள் வெள்ளை மாவாக மேலே பூக்கும். பூஞ்சை என்று நினைத்துத் துணியால் தேய்ப்பவர்கள் உண்டு. எண்ணெய் போன பூச்சு சுருங்கும், அடியிலுள்ள தகடு சுருங்காது. முடிவில் வறண்ட ஏரி மண்போல வெடித்து உரியும். வெயில் ஏற ஏற இந்தச் சிதைவும் வேகமெடுக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கத்திரியில் ஓட்டுக்கூரைப் பரணைவிட மோசமான இடம் இல்லை.

சரி, மதிப்பு? வேறு பிரதி இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. சென்னை வானொலி நிலையம் 1938-இல் அகில இந்திய வானொலியின் கீழ் வந்தது. டேப் பரவுவதற்கு முன் கச்சேரிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. பாடி முடித்ததும் காற்றோடு போய்விடும். அதனால் பெரிய வித்வானின் கடைத்தட்டைவிட, பெயர் தெரியாதவரின் நேரடிக் கச்சேரியை நான் உயர்வாக வைப்பேன். நிலையத்தார் கடைத்தட்டை ஓட்டியதையே பதிந்திருந்தால் மதிப்பு குறையும். ஆனாலும் பாட்டுக்கு முன் அறிவிப்பாளர் குரல் இருந்தால் அந்த அரை நிமிடமே தனிச்சொத்து; அதிலிருந்து தேதிகூடப் பிடிபடலாம்.

சுருதி ஏறியிறங்கி ஒலித்தால் பதறவேண்டாம். மின்சாரத்தின் ‘ம்ம்’ என்ற இரைச்சலும் பல தட்டுகளில் பதிந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; இரைச்சல் 52-இல் கேட்டால் தட்டு வேகமாக ஓடுகிறது. அது 50-க்கு வரும்வரை குறைத்தால், பாடகரின் சுருதியும் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும்.

நண்பரின் ஏழில் இரண்டு உரிந்துவிட்டன. மற்ற ஐந்தும் இப்போது கீழ்வீட்டு அலமாரியில் நிமிர்ந்து நிற்கின்றன.